கத்தரீனம்மாள் நாளுக்குப் பிறகு

சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. மற்ற சுவரெல்லாம் சமையல் புகையில் பழுத்திருந்தது. ஒதிலியா காலையில் காப்பி கலக்கும்போதும் பார்ப்பாள், சாயங்காலம் கையுறையைக் கழற்றும்போதும் பார்ப்பாள். இரண்டு வாரமாக இதே கதைதான்.

"இந்த வருஷம் ஈரம் ஜாஸ்திம்மா. படம் பூஞ்சை புடிச்சிரும். மழைக்காலம் போகட்டும், திரும்ப மாட்டிக்கலாம்" என்று சொல்லித்தான் பெரியவள் எல்வீரா அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். இந்த லிண்ட்சே ஊர்ப் பக்கத்தில் டிசம்பர் மாதம் மூடுபனி இறங்குவது புதிதா? பன்னிரண்டு டிசம்பர் அந்தப் படம் அதே ஆணியில்தான் தொங்கியது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒதிலியா வாயைத் திறக்கவில்லை. எல்வீராவுக்கு வயது இருபத்தெட்டு. அந்த வயதுப் பெண்ணிடம் எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

படத்தில் இருப்பது எல்வீராவின் பதினைந்தாம் விழா, பெண்ணுக்குப் பதினைந்து வயதானதை ஊரறியக் கொண்டாடுகிற விழா. ரோஜா நிறச் சட்டை, விரித்த குடை மாதிரி. தலையில் கிரீடம். அவள் கையைப் பிடித்து ஆடிக்கொண்டிருப்பது அவள் அப்பா அல்ல. தாமசோ அப்போது இங்கே கலிபோர்னியாவில் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தார். மகளோடு அப்பா ஆட வேண்டிய முதல் ஆட்டத்துக்குச் சித்தப்பன்கள் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். ஒதிலியா யாரையும் விடவில்லை. ஆணியில் தொங்கிய தாமசோவின் தொப்பியை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவளே ஆடப் போனாள். மெக்சிகோவில், மிச்சோவாகான் மலையில் அவர்களுடைய ஊர் அன்று சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. போட்டோக்காரன் சரியாக அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கிவிட்டான். எல்லை தாண்டி வரும்போது பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது அந்த ஒரு படத்தைத்தான்.

வீட்டுக்கு யார் வந்தாலும் படத்தைக் காட்டிக் கதை சொல்ல வேண்டும். சொல்வது பக்கத்து வீட்டு சொலேதாத். அதே ஊர்க்காரி, எல்வீராவுக்குக் கிரீடம் வைத்த ஞானத்தாய். அந்த உறவால் அவளும் ஒதிலியாவும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். படம் இறங்கியதிலிருந்து சொலேதாதுக்குத்தான் கை ஒடிந்த மாதிரி இருந்தது.

அன்று சனிக்கிழமை. வாஷிங்டனில் செனட் சபை ஓட்டெடுக்கிற நாள். சிறு வயதில் பெற்றோர் அனுமதியில்லாமல் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு, படிப்போ பட்டாளமோ இரண்டு வருஷம் பார்த்தால் இங்கேயே தங்கக் காகிதம் கொடுக்கலாம் என்று ஒரு சட்டம். கீழ்ச்சபை பத்து நாளைக்கு முன்பே சரி என்றுவிட்டது. மேல்சபையில்தான் இழுபறி. எல்வீராவும் தங்கை நயெலியும் நாலு மாதமாகத் தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்து செனட்டர்களின் அலுவலகங்களுக்குப் போன் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிப் போயிருந்தார்கள். அதே நாள் சாயங்காலம் ஒதிலியா வீட்டில் பொஸாதா. மாதாவும் சூசையப்பரும் தங்க இடம் கேட்டு வீடு வீடாகப் போனதை நினைத்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்பது சாயங்காலம், ஒரு நாளைக்கு ஒரு வீட்டு வாசலில் பாடுகிற வழக்கம். வருகிறவர்களுக்குத் தமால் கொடுக்க வேண்டும். மடிக்கச் சோளத்தோகை ஊறிக்கொண்டிருந்தது, உள்ளே வைக்கப் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது.

நயெலி கூடத்துக்குப் போய்விட்டாள், பெரிய டிவியில் ஓட்டெடுப்பைப் பார்க்க. எல்வீரா கத்தரியையும் தோள்பையையும் எடுத்தாள்.

"நீ கூடத்துக்குப் போகல?" என்றாள் ஒதிலியா.

"பெரிய மழை வருதாம்மா. அதுக்குள்ள நிக்கனோர் நாலு வரிசையை முடிக்கணுங்கிறான். ஆள் பத்தாது."

"நாலு மாசமா அது அதுன்னு அலைஞ்சவ, இன்னைக்குப் பாத்து ஆரஞ்சு பறிக்கப் போறியாக்கும்?"

"டிவியப் பாத்தா ஓட்டு கூடிருமா? கெளம்புங்க, நேரமாச்சு."

விடியலிலேயே தூறல் போட்டிருந்தது. தோட்டத்தில் பழமெல்லாம் நனைந்து நின்றது. ஈரப் பழத்தில் கை வைக்கக் கூடாது, தொட்ட இடம் தோல் கன்றிப் பழுப்பாகிவிடும், பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் காயும்வரை வேனுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காருகிற நேரத்துக்குக் கூலி கிடையாது. வெளியே மூடுபனியில் மூன்றாவது மரத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. முன் இருக்கையில் மேஸ்திரி நிக்கனோர், பக்கத்தில் எல்வீரா. பின்னால் தாமசோ, ஒதிலியா, சொலேதாத். வேறு ஆள்கள் அடுத்த வேனில். ரேடியோவில் ஸ்பானிஷ் நிலையம் வாஷிங்டன் சமாச்சாரத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

நிக்கனோர் எண்பத்தாறாம் வருஷத்துப் பொதுமன்னிப்பில் காகிதம் வாங்கியவன். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் அவனுக்குக் கொஞ்சம் இளப்பம்தான்.

"ரெண்டு வருஷம் காலேஜு, இல்லாட்டி ரெண்டு வருஷம் பட்டாளம்" என்றான். "நம்ம புள்ளைங்க எல்லாம் காலேஜுக்குப் போயி கிழிக்கப் போகுதாக்கும்? பட்டாளத்துக்குத்தான் அள்ளிட்டுப் போவான். எங்கயாச்சும் பாலைவனத்துல துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

"பாலைவனம் நமக்கு என்ன புதுசா?" என்றாள் சொலேதாத். "எல்லாரும் அதுல நடந்து வந்ததுதானே. இந்தத் தடவ சோறாவது போடுவான்."

தாமசோ சிரித்தார். நிக்கனோர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. நான் வரிசையில நின்னு முறையா வாங்கினவன்."

"எந்த வரிசை? ஆத்துல நீந்தி வந்தீங்களே, அந்த வரிசையா?"

"அது வேற. சர்க்காரு கூப்புட்டான், போனேன். இவங்க இப்ப ரோட்டுல நின்னு கத்துறாங்க. டிவியில பேரச் சொல்றாங்க. எனக்குப் பேப்பர் இல்ல, எனக்குப் பயமும் இல்லன்னு. நாளைக்கு எவனாவது தோட்டத்துக்கு வந்து ஒவ்வொருத்தனா எறங்குன்னு சொன்னா, என் வேலையும் சேந்துல்ல போகும்?"

"போகட்டுமே" என்றாள் எல்வீரா, கண்ணாடியைப் பார்த்தபடியே. "இந்த வேனுக்குள்ள கூலியில்லாம குந்தியிருக்கிற வேலைதானே."

"வாயப் பாத்தியா? தாமசோ, ஒம் பொண்ண அடக்கி வையி."

தாமசோ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். அவர் பேசினால் மெதுவாகத்தான் பேசுவார். "எனக்கு ஒண்ணுதான். பேரு, வீட்டு விலாசம், அப்பன் ஆத்தா பேரு, எல்லாம் எழுதிக் குடுக்கணுமாம். இன்னைக்கு நல்லவனா இருக்கிற சர்க்காரு நாளைக்கு மாறுனா? நம்ம வீட்டுக் கதவு எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சு போகும். ஆனா புள்ளைங்களுக்கு ஆகுதுன்னா ஆகட்டும். ரெண்டு பேரும் தல நிமுந்து நடந்தாப் போதும். எங்களத் தூக்கிட்டுப் போனாலும் போறான்."

ரெண்டு பேரும் என்று அவர் சொன்னபோது எல்வீரா திரும்பவில்லை. ஒதிலியாவும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் மனசெல்லாம் ரெண்டு பேரும்தான். பெரியவளுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்கும், போலீஸ் வண்டியைப் பார்த்துச் சந்து மாற வேண்டாம். நர்ஸ் படிக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள், இனிமேலாவது படிக்கலாம். சின்னவள் எப்படியும் படிப்பாள், அவள் மண்டை அப்படி. கன்னிமேரிக்கு மெழுகுவர்த்தி வைத்து ஒதிலியா கேட்டதும் இரட்டையாகத்தான்.

ரேடியோவில் ஒரு வக்கீல் வந்தார். யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார். எல்வீரா சட்டென்று கையை நீட்டி நிலையத்தை மாற்றினாள்.

"ஏய், விடு. கேக்குறேன்ல?" நிக்கனோர் திருப்பி வைத்தான்.

"சரியா கேக்கல, கரகரங்குது."

"நல்லாத்தான் கேக்குது."

அவள் மறுபடி கையைக் கொண்டுபோனாள். நிக்கனோர் அந்தக் கையைத் தட்டிவிட்டான். வக்கீலின் குரல் தெளிவாக வந்தது. "இந்த நாட்டுக்குள் வந்தபோது பதினாறு வயது நிரம்பியிருக்கக் கூடாது. ஒரு நாள் தாண்டியிருந்தாலும் இந்தச் சட்டம் அவர்களுக்கு இல்லை."

நிக்கனோர் மெதுவாக எல்வீரா பக்கம் திரும்பினான். "அதான் நிலையத்த மாத்துறியா? வர்றப்போ ஒனக்கு என்ன வயசு?"

"அவ பேப்பரப் பத்தி ஒனக்கென்ன கவலை?" சொலேதாதுக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினஞ்சு! கிரீடம் வெச்சவ நானு, எனக்குத் தெரியாதா? எங்க ஊருக்குச் சாமியாரு வர்றதே வருஷத்துல ஒரு தடவ, மார்த்தீனாரு திருநாளுக்குத்தான். அதுக்காக கொமாத்ரே எத்தன மாசம் பொறுத்துக் கெடந்தாங்க! அன்னிக்குப் பூசை வெச்சு விழா எடுத்து, அப்புறம் சோளத்த அறுத்துப் போட்டுட்டு, குவாதலூப்பே மாதா திருநாள் அன்னிக்கு எல்லையத் தாண்டி..."

அவ்வளவுதான். சொலேதாதின் வாய் திறந்தபடியே நின்றது.

ஒதிலியாவுக்குத் தேதி கணக்கெல்லாம் வராது. புனிதர்களின் கணக்கு வரும். மார்த்தீனார் முதலில். அவருக்குப் பின்னால் இரண்டு வாரத்தில் கத்தரீனம்மாள். மாதா வருவது அதற்கும் பிறகு. எல்வீரா பிறந்தது கத்தரீனம்மாள் நாளில். ஞானஸ்நானப் பெயரே எல்வீரா கத்தரீனா. விழாவின் பெயர் பதினைந்தாம் விழா என்பதால் விழாவில் ஆடிய பெண்ணுக்குப் பதினைந்து என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். ஆடியபோது பதினைந்துதான். மாதாவின் நாளில் தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு கல்லிலும் முள்ளிலும் நடந்தபோது பதினாறு நிரம்பி இரண்டரை வாரம் ஆகியிருந்தது.

அந்த ஜூன் மாதம் தாமசோ ஊர்க் கடைக்குப் போன் போட்டுச் சொன்னது ஒதிலியாவுக்கு அப்படியே காதில் விழுந்தது. "ஆகஸ்டுல என் தம்பி வர்றான். அவன்கூட மூணு பேரும் வந்துருங்க." அவள்தான் மாட்டேன் என்றாள். "விழா நடக்காம வயசுப் பொண்ண வடக்க கூட்டிட்டு வந்தா, எவன்கூடயோ ஓடிப் போயிட்டாள்னு ஊரு சொல்லும். எம் பொண்ணு கோயில்ல மண்டி போட்டு, ஊரு பாக்க ஆடிட்டுத்தான் வருவா." சட்டை தைத்தாள், பன்றி வளர்த்தாள், சாமியார் வரக் காத்திருந்தாள். ஆகஸ்டு போனது.

அவள் தாமசோவைப் பார்த்தாள். அவரும் கணக்குப் போட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் தொப்பியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

முன் இருக்கையில் எல்வீராவின் பிடரி அசையவில்லை. அவளுக்கு இது புதிய சேதி இல்லை என்பதை ஒதிலியா அந்தப் பிடரியைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நாலு மாதமாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தொண்டை கட்டப் போன் போட்டிருக்கிறாள்.

"ஓட்டு எண்ணுறான்" என்றான் நிக்கனோர். குரல் இறங்கிவிட்டிருந்தது.

இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கூரையில் தட்டியது. ஒதிலியா ஜெபமாலையைப் பிடித்தாள், ஆனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. சட்டம் வந்தால் சின்னவள் உள்ளே, பெரியவள் வெளியே. ஒரே இரவில், ஒரே கள்ளத் தடத்தில், ஒருத்தி முதுகில் ஒருத்தியாக வந்த பிள்ளைகள். நடுவில் கோடு போட்டது செனட் இல்லை, பெற்றவள்.

சட்டத்துக்கு ஆதரவாக ஐம்பத்தைந்து பேர். அறுபது வேண்டும். விழுந்துவிட்டது.

அந்த நேரத்தில் ஒதிலியாவின் நெஞ்சு லேசானது. தலையிலிருந்த சுமையை யாரோ இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி. இரண்டு பேருக்கும் இல்லை. அப்படியானால் விழாவுக்காக அவள் காத்திருந்ததால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஒரு மூச்சு நேரம்தான் அது இருந்தது. எல்வீராவின் போன் அடித்தது. அந்தப் பக்கம் நயெலி அழுகிற அழுகை பின் இருக்கைவரை கேட்டது. நான் என்ன தாய் என்று ஒதிலியாவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. வேலைக் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழுவாத, வீட்டுக்கு வா. மாவு பெசையணும்" என்றாள் எல்வீரா போனில்.

பிறகு மழை பிடித்தது. தூறல் இல்லை, கொட்டுகிற மழை. "இன்னைக்குப் பழம் காயாது" என்று நிக்கனோர் வண்டியை எடுத்தான். இறங்கும்போது, "சாயங்காலம் பாட்டுக்கு வர்றேன் ஒதிலியாம்மா, என் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வர்றேன்" என்றான். அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான் போலிருக்கிறது.

வீட்டில் நல்ல மேசைவிரிப்பு எல்வீராவின் அலமாரியில் இருக்கும். அதை எடுக்கப் போனபோது அடியில் கையில் தட்டுப்பட்டது படம். நயெலியை முதுகில் கட்டிக்கொண்டு வந்த அதே பழைய சால்வையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தாள். பூஞ்சையும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. தேவாலயக் கூடத்தில் போன் போடுகிற கமிட்டி ஆள்கள் வீட்டுக்கு வரப்போக இருந்தார்கள். படம் சுவரில் இருந்தால் சொலேதாத் கதை சொல்வாள். கதை சொன்னால் மார்த்தீனாரும் மாதாவும் வருவார்கள். அம்மா காதில் விழும். அதற்குத்தான் கழற்றியிருக்கிறாள். தனக்கு இல்லாத சட்டத்துக்காக ஓடியாடியது மட்டுமில்லை, அது ஏன் இல்லை என்று அம்மா அறியாமல் பார்த்துக்கொள்ளவும் ஓடியிருக்கிறாள். ஒதிலியா படத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு விரிப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அழுதுகொண்டு உட்கார்ந்தால் யார் மாவு பிசைவது?

சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தோகையில் மாவைத் தேய்க்க ஒருத்தி, கறி வைக்க ஒருத்தி, மடிக்க ஒருத்தி. நயெலியின் கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"இனிமே நான் அங்க போக மாட்டேன்" என்றாள் நயெலி. "பதினெட்டு வயசுல பிச்சைக்காரி மாதிரி ஊருக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சியாச்சு. போதும்."

"திங்கக்கெழம கூட்டம் இருக்கு. போற" என்றாள் எல்வீரா.

"நீ இன்னைக்கு வந்தியா? எல்லாரும் கேட்டாங்க, அக்கா எங்க, அக்கா எங்கன்னு. போனதென்ன எனக்கு மட்டுமா? ரெண்டு பேருக்கும்தானே போச்சு?"

எல்வீரா மாவைத் தேய்த்துக்கொண்டே, "ஆமா" என்றாள்.

அந்த 'ஆமா'வை ஒதிலியாவால் தாங்க முடியவில்லை. "ரெண்டு பேருக்கும் இல்ல" என்றாள். "உனக்கு மட்டுந்தான். அக்கா இங்க வந்தப்ப பதினாறு தாண்டிருச்சு. அவளுக்கு அதுல எடமே இல்ல. என்னாலதான்."

"அம்மா!"

"இருக்கட்டும் எல்வீரா. தெரியட்டும்."

நயெலி கையில் தோகையோடு அக்காவைப் பார்த்தாள். வேகமாகப் புரிந்துகொள்கிற பெண். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து."

"அப்ப விழுந்தது நல்லதாப் போச்சு" என்றாள் நயெலி. "நீ இல்லாம எனக்கு எதுக்கு அந்தப் பேப்பர்? நல்லதாப் போச்சு."

பளாரென்று விழுந்தது அறை. நயெலியின் கன்னத்தில் ஐந்து விரலும் மாவும் பதிந்துவிட்டன. எல்வீரா தங்கையைக் கைநீட்டி அடித்தது அதுதான் முதல் தடவை.

"நல்லதா? நல்லதாடீ?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாலு மாசம் தொண்டத் தண்ணி வத்தப் பேசுனேன். எவளோ ஒருத்தி போன எடுத்துட்டு, நீயெல்லாம் ஒன் நாட்டுக்குப் போன்னு சொன்னா. சரிங்கம்மா, நன்றிங்கம்மான்னு வெச்சேன். எதுக்கு? நீயும் என்ன மாதிரி இருபத்தெட்டு வயசுல ஈரப் பழம் காயுறதுக்குக் காத்துக் கெடக்கணும்னா? சட்டம் திரும்ப வரும். வந்தா மொத ஆளா நீ நிக்கிற. எங்கக்காவுக்காக விட்டுட்டேன்னு நீ ஒரு நாள் சொன்னியானா, நான் ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

கையைக்கூடக் கழுவவில்லை. ஆணியிலிருந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள். தாமசோ வாசல்வரை ஓடினார். வண்டியின் பின்விளக்கு மழையில் கரைந்து போனது.

நயெலி கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "நான் தப்பாவாம்மா சொல்லிட்டேன்?"

"நான் நெனச்சதத்தான் நீ சொன்ன" என்றாள் ஒதிலியா. "வேனுக்குள்ள சட்டம் விழுந்துருச்சுன்னு கேட்டதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சுடி. அந்த அறை எனக்கு விழ வேண்டியது. ஒன் கன்னத்துல விழுந்துருச்சு."

இருவரும் மிச்சத் தமாலை மடித்தார்கள்.

இருட்டத் தொடங்கியும் எல்வீரா வரவில்லை. போனை எடுக்கவில்லை. சொலேதாத் நனைந்த குடையோடு வந்து வாசலிலேயே சொன்னாள்: "கொமாத்ரே, பாலத்துக்கிட்ட போலீசு நிக்குதாம். வண்டிய ஒவ்வொண்ணா மறிச்சு லைசென்ஸ் கேக்குறானாம். நிக்கனோர் சொன்னான்."

உரிமம் இல்லாவிட்டால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள், அது போகட்டும். பெயரைக் கேட்டு, விரல் ரேகை எடுத்து, மேலே யாருக்காவது சொன்னார்கள் என்றால் அடுத்த வாரம் பெண் எல்லைக்கு அந்தப் பக்கம். தாமசோ மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு பாலம்வரை நடந்து பார்க்கிறேன் என்று கிளம்பினார். அவர் அப்போதும் அந்த ஆகஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவருகே நின்று, "ஒதிலியா, அந்தத் தொப்பிய அன்னிக்கு நீ போட்டுக்கிட்டது எனக்குச் சந்தோஷந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சும்மா இருக்க முடியாமல் அவள் உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்தாள். நாற்காலியில் ஏறி, பழைய ஆணியிலேயே மாட்டினாள். வெள்ளைச் சதுரம் மறைந்தது. சொலேதாத் அண்ணாந்து பார்த்தாள், கதை சொல்லவில்லை.

ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பாதிப் பேர் வீட்டுக்குள், பாதிப் பேர் வெளியே. வெளியே நிற்பவர்கள் தங்க இடம் கேட்டுப் பாட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் இடமில்லை, போ என்று பாட்டாலேயே விரட்ட வேண்டும். இப்படி மாறி மாறிப் பல அடி போகும், கடைசி அடியில்தான் கதவு திறக்கும். வீட்டுக்காரிதான் உள்ளே முன்பாட்டு. இத்தனை வருஷமாக ஒதிலியா உரத்த குரலில் சிரித்துக்கொண்டே விரட்டியிருக்கிறாள்.

கதவைச் சாத்தினார்கள். கூரையில் மழை இரைந்தது. வெளியிலிருந்து முதல் கேள்வி வந்தது. இவள் பதில் பாடினாள். இரண்டாவது வந்தது. அதற்கும் பாடினாள். பக்கத்தில் நின்ற நயெலி கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே நிக்கனோரின் கட்டைக்குரல் கேட்டது, அவன் மனைவியின் கீச்சுக்குரல் கேட்டது. வேண்டிய குரல் இல்லை.

மூன்றாவது கேள்வியில் நயெலி நிமிர்ந்தாள். "அக்கா" என்றாள்.

ஆமாம், அவள்தான். கரகரத்த, தொண்டை கட்டின குரல். எல்லாருக்கும் பின்னால் எங்கேயோ நின்று, மழையில், இடம் கேட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

உள்ளே எல்லாரும் ஒதிலியாவைப் பார்த்தார்கள். விரட்டுகிற அடியை அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒதிலியா தாழ்ப்பாளை இழுத்துக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"கொமாத்ரே! இன்னும் அஞ்சாறு அடி இருக்கு!" சொலேதாத் பதறினாள்.

"போதும். மழை பெய்யுது. எல்லாரும் உள்ள வாங்க." கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாரும்."

நிக்கனோர் வந்தான், அவன் மனைவி வந்தாள், குடைகளும் குழந்தைகளும் வந்தார்கள். தாமசோ சொட்டச் சொட்ட வந்தார். கடைசியாக எல்வீரா. பொஸாதாவில் சுமந்து வருகிற, மாதா சூசையப்பர் பொம்மைகள் நிற்கிற சின்னப் பலகையைக் குப்பைப் பையால் மூடி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பொம்மைகள் நனையவில்லை, அவள்தான் தெப்பலாக நனைந்திருந்தாள்.

"வண்டி?" என்றாள் ஒதிலியா.

"தேவாலயத்துலயே விட்டுட்டேன். பாலத்துக்கிட்ட லைட்டப் பாத்தேன், தோட்டத்து வழியா நடந்து வந்துட்டேன். கூடத்துல நாற்காலியெல்லாம் எறஞ்சு கெடந்துச்சு, அடுக்கி வெச்சேன்." பலகையை நயெலியிடம் நீட்டினாள். தங்கையின் கன்னத்தை ஒரு தரம் பார்த்தாள். "திங்கக்கெழமைக்கு ஒம் பேரையும் எழுதிட்டேன்."

"நீயும் வருவியா?"

"வராம?"

நயெலி பலகையை வாங்கிக்கொண்டாள்.

எல்வீரா தலையைத் துவட்டத் துணி தேடித் திரும்பியவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். ரோஜா நிறச் சட்டை, கிரீடம், அப்பாவின் தொப்பிக்குள் அம்மாவின் முகம். சுற்றிலும் சத்தம், தமால் தட்டு கை மாறிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் வந்து, ஈரக் கையால் படத்தின் ஒரு மூலையைத் தட்டி நேராக்கினாள்.

"கோணலா மாட்டியிருக்கம்மா."

ஒதிலியா துவட்டத் துணியை எடுத்து அவள் தோளில் போட்டாள்.

"அன்னிக்கு நான் நல்லா ஆடுனேன்ல?"

"நீ நல்லாத்தாண்டி ஆடுன" என்றாள் ஒதிலியா. "நாந்தான் ஒன் கால மிதிச்சுட்டேன்."